உபயம்: உங்கள் வரிப்பணம்

நல்லாசிரியர் ஆக வேண்டுமா? முதலில் நீங்கள் நல்லவர் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018 முதல் ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். செய்த நன்மைக்கு அத்தாட்சியாகப் புகைப்படம், காணொளி, ஆவணம் எல்லாம் பதிவேற்ற வேண்டும். ஐந்தாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பையனை மதிய இடைவேளையில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கும் டீச்சருக்கு ஒரு யோசனை: நாளை முதல் ஒருவரைச் செல்போனோடு எதிரே நிறுத்திக்கொள்ளுங்கள். படம் பிடிக்காத பாடம் கணக்கில் வராது.

மாநில அரசும் சளைத்ததல்ல. டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது: பத்தாயிரம் ரூபாய், வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். செப்டம்பர் 5 அன்று மேடையில் பொன்னாடை. மறுநாள் காலையில் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக நடை. ஆசிரியர்களைக் கற்பித்தல் அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகியவை நீங்கலாக என்று அதே பிரிவு அதே மூச்சில் சொல்லிவிடுகிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவை அகலத் திறந்துவைத்த சட்டம்.

மேடைப் பக்கமே வராத ஒரு கூட்டமும் உண்டு. ஓவியம், தையல், இசை, கணினி, உடற்கல்வி சொல்லிக் கொடுக்க 2012-இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். மே மாதம் பள்ளி விடுமுறை, ஆகவே சம்பளமும் விடுமுறை. ஆண்டுக்கு ஆண்டு இந்தக் கூத்து நடந்தது. மே மாதத்தில் ஆசிரியர் வீட்டு அடுப்பும் கோடை விடுமுறைக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்ட அதிகாரி யாரோ, அவருக்குத்தான் முதல் வெள்ளிப் பதக்கம் போயிருக்க வேண்டும். பணி நிரந்தரம் என்று 2021 தேர்தலில் வாக்குறுதி வந்தது. அதன் பிறகும் அவர்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள்; போலீஸ் வண்டியில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள்.

சரி, பள்ளிக்கு வரும் மானியத்தைப் பார்ப்போம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தை 2018-இல் தொடங்கியபோது வகுத்த அளவுப்படி, 251 முதல் 1,000 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய். ஆயிரம் பேர் இருந்தால் தலைக்கு 75 ரூபாய், மாதத்துக்கு ஆறேகால். அரை டீ. சாக்பீஸ், பதிவேடு, மின்கட்டணம், உடைந்த குழாய் எல்லாம் இதற்குள்தான். இதில் பத்து சதவீதமாவது தூய்மைக்கு ஒதுக்க வேண்டுமாம். அதாவது ஒரு பிள்ளைக்குக் கழிப்பறை வகையில் ஆண்டு முழுமைக்கும் ஏழரை ரூபாய். ஏழரையைக் கூட்டிவிட்டு அதற்குத் தூய்மை என்று பெயரும் வைத்தாயிற்று. ஆண்டின் கடைசியில் பணம் வந்தாலும் மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அதுவரை தலைமையாசிரியரின் சொந்தப் பைதான் கருவூலம்.

டெல்லியின் தர்மம் இதைவிடக் கம்பீரமானது. கல்வியின் பெயரால் வருமான வரியோடு செஸ் வசூலிக்கிறார்கள். 2018 முதல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 சதவீதம். செஸ் என்பதால் அதில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. நம்மிடம் வாங்கியதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும்போது அது மானியம் ஆகிவிடுகிறது. அதற்கும் நிபந்தனை: 2022-இல் வந்த பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திட வேண்டும், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும், பள்ளியின் பெயருக்கு முன்னால் திட்டத்தின் பெயரை மாட்ட வேண்டும். தமிழ்நாடு மறுத்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தார்கள். கொள்கைச் சண்டையை நாடாளுமன்றத்தில் போடலாம், நீதிமன்றத்தில் போடலாம். மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கான சிறப்பாசிரியரின் சம்பளத்தில் கைவைத்துப் போடுவதற்குப் பெயர் ஆட்சியா, அடமானமா?

பெயர் மாட்டும் ஆசை டெல்லிக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கே புத்தகப்பையில் முதல்வர் படம் இருந்தது, மடிக்கணினியைத் திறந்தால் முதல்வர் படம் வந்தது. 2021-இல் ஆட்சி மாறியபோது, முந்தைய முதல்வர்களின் படம் போட்ட பைகளையே பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார் புதிய முதல்வர். நல்ல காரியம். ஆனால், அச்சடித்த பையைக் குப்பையில் போடாமல் இருந்ததே மாநிலம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது என்றால், மற்ற நாள்களில் நாம் எவ்வளவுக்குப் பழகிப்போயிருக்கிறோம்!

2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று நன்கொடைக்கு உண்டியல் வைத்தது அரசு. முன்னாள் மாணவர்கள் அள்ளிக் கொடுக்கிறார்கள். அவர்கள் கைக்கு ஒரு கும்பிடு. கம்பெனிகளும் கொடுக்கின்றன, லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்லி 2013 கம்பெனிச் சட்டமே கட்டளையிட்ட பணம் அது. அதற்கும் பள்ளி வாசலில் ஆளுயரக் கல்வெட்டு. ஆனால் அந்த நன்கொடையில் எழும்புவது என்ன? கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர். இவை ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தே தீர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த சட்டம் கொடுத்த கெடு மூன்று ஆண்டு. 2013-இல் முடிந்த கெடுவுக்கு இன்னும் உபயதாரர் தேடிக்கொண்டிருக்கிறோம். உரிமையைத் தராமல் இழுத்தடித்து, பிறகு அதையே பிச்சையாகப் போட்டு, போட்டவர் பெயரைச் சுவரில் பொறிக்கிறோம். இதைவிடப் பெரிய மோசடி கல்வித்துறையில் இல்லை.

ஆகவே, அடுத்த கிராம சபையில் போய் உட்காருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் போங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டு மானியம் எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது, எத்தனை ஆசிரியர் இடம் காலி? பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். பொன்னாடை யாருக்கு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.