மோஹர் பாறை முகடும் தலைமைப் பண்பும்: ஒரு பேருந்துவழி ஆய்வு

எறும்பு, கழுகு, வரிசை கட்டிப் பறக்கும் வாத்து, கிரிக்கெட் கேப்டன் என்று எல்லாரிடமிருந்தும் தலைமைப் பண்பைக் கறந்து புத்தகமாக்கிவிட்டார்கள். விடுபட்டது சுற்றுலாப் பேருந்து ஒன்றுதான். அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம் அயர்லாந்தின் மேற்குக் கரை. கிளேர் கவுண்டியில் அட்லாண்டிக் கடலை நோக்கிச் சுமார் 14 கி.மீ. நீளத்துக்கு நிற்கும் மோஹர் பாறை முகடு. உச்சியில் 214 மீட்டர் உயரம். டப்ளினில் காலையில் ஏறி இரவில் இறங்கும் ஒருநாள் பேருந்து, ஆய்வின் எல்லை. வழிகாட்டியின் பேச்சு முதன்மை ஆதாரம். டிக்கெட்டின் பின்பக்கம் துணைமை ஆதாரம்.

முதற்கண் தலைவர் யார் என்று துணிய வேண்டும். மைக் பிடித்தவரே தலைவர் என்பர் கடைசி வரிசையார். ஸ்டீயரிங் பிடித்தவரே என்பர் முன்னிருக்கையார். இரண்டையும் ஒருவரே பிடிக்கும் வண்டிகளும் உண்டாதலின், இவ்விவாதத்தை அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு விட்டுவிடுவோம். அவர்களும் ஏதாவது எழுத வேண்டுமே.

லிமெரிக் வழியாகப் போகும் வண்டிகள் மனிகால் என்ற சிற்றூரின் அருகே நிற்பதுண்டு. பராக் ஒபாமாவின் தாய்வழி மூதாதை ஒருவர் 1850இல் அவ்வூரிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 2011இல் ஒபாமா அங்கே வந்து ஒரு குவளை பீர் குடித்துவிட்டுப் போனார். 2014இல் பெட்ரோல் பங்க், உணவகம், கழிப்பறை எல்லாம் சேர்ந்து நெடுஞ்சாலையில் 'பராக் ஒபாமா பிளாசா' எழுந்தது. ஒரு தலைவரின் பெயர் மக்களுக்கு எப்படிப் பயன்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை.

நிலவியல்: சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் கழிமுகத்தில் படிந்த மணலும் சேறும் இறுகிய பாறை, அவசரப்படாமை என்னும் பண்பு பெறப்பட்டது. பறவையியல்: பஃபின் முதலிய கடற்பறவைகள் இங்கே கூடு கட்டுகின்றன, எதுவும் தலைமைப் பயிற்சி முகாமுக்குப் போனதில்லையாதலின் நீக்கப்பட்டது.

வரலாறு: முகட்டின் மேல் 1835இல் கோபுரம் கட்டியவர் கொர்னீலியஸ் ஓ'பிரையன் என்ற நிலக்கிழார். முகட்டைத் தவிர அந்த வட்டாரத்தில் எல்லாவற்றையும் கட்டியவர் அவரே என்பது ஊர்ப்பேச்சு. பக்கத்தில் லிஸ்கேனர் என்ற ஊருக்கு அருகே அவருக்கு ஒரு நினைவுத்தூணும் நிற்கிறது. அவர் உயிரோடிருந்தபோதே குடியானவர்களிடம் வசூலித்து எழுப்பியது என்பார்கள். உரை வேண்டாம், வெளிப்படை.

பனிமூட்டம் இறங்கினால் முகடு இராது, கடல் இராது. வழிகாட்டி வெள்ளைச் சுவரைக் கைகாட்டி, "அதோ ஆரன் தீவுகள்" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள், சிலர் படமும் எடுப்பார்கள். மேலாண்மை நூல்களில் தொலைநோக்கு என்று நாற்பது பக்கத்துக்கு நீளும் அத்தியாயம் இதுதான்.

இனி, இவ்வாய்வின் உயிர்நாடியாகிய தாமதர் இயல். குறித்த நேரத்துக்கு வராதவருக்காக வண்டி காத்திருக்காது (டிக்கெட்டின் பின்பக்கம், விதி 4). வண்டி காத்திருக்கும். எல்லாரும் ஏறி, பெல்ட் மாட்டி, ஈர உடுப்பின் ஆவியில் ஜன்னல் மங்கிய பிறகும் இரண்டு இருக்கைகள் காலியாகக் கிடக்கும். வழிகாட்டி விரலை நீட்டித் தலைகளை எண்ணுவார். கணக்கு உதைக்கும். பின்னாலிருந்து எண்ணினாலும் ஆள் கூடமாட்டார். அப்போது நினைவுப்பொருள் கடைப் பக்கமிருந்து, புதுக் கம்பளித் தொப்பியோடு, ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு ஒரு தம்பதி வருவார்கள். ஓடிவர மாட்டார்கள். ஜன்னலைத் துடைத்துவிட்டு வண்டியே அவர்களைப் பார்க்கும். முகட்டுக்குக்கூட அன்று இத்தனை கண்கள் ஒருசேரக் கிடைத்திருக்காது.

யாருக்காகக் கூட்டம் காத்திருக்கிறதோ அவரே தலைவர். ஐந்து மணி விழாவுக்கு ஏழு மணிக்கு வரும் சிறப்பு விருந்தினரை அறிந்த தமிழருக்கு மேற்கோள் தேவையில்லை. இருப்பினும் தருவோம். காபி சிந்திய பிரதியில் விதி 4இன் எதிர்மறைச் சொல் கரைந்துபோய், 'வண்டி காத்திருக்கும்' என்றே பாடம் உள்ளது (மேற்படி, கறைக்கு வலப்புறம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க). இதுவே மூலபாடம் என்பது என் துணிபு. உலர்ந்த பிரதியினர் மறுப்பர். அவர்கள் மறுப்புக்கு நான் மறுப்பு எழுதுவேன். இருவருக்கும் ஆளுக்கொரு ஆய்வுக்கோவையில் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு இடம் கிடைக்கும்; பதவி உயர்வுப் படிவத்தில் இரண்டு வரி நிரம்பும்.

மோஹர் போகிறவர்கள் காற்றுக்கும் மழைக்கும் தாங்கும் மேலங்கி எடுத்துக்கொள்ளவும். குடை வேண்டாம். அந்தக் காற்றில் போகும் திசையை அதுதான் முடிவு செய்யும்.