சிங்கப்பூர்ல இப்படி நடக்குமா?

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் அந்த அங்கிள் இருப்பார். பணி ஓய்வு பெற்றவர். முன்னால் ஆறிப்போன தே தாரிக், வயிற்றை இறுக்கிய இடுப்புப் பை. பக்கத்து மேசையில் யாராவது மோட்டார் சைக்கிள் காணாமல் போன கதையை எடுத்தால் போதும், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குவார்: "சிங்கப்பூர்ல இப்படி நடக்குமா?"

சிங்கப்பூரில் அவருக்கு மகள் வீடு உண்டு. அங்குள்ள உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலத்தை மேசையில் வைத்து இடம்பிடித்துவிட்டுப் போகிறவர்களைக் கண்ட நாள் முதல் அவர் நம் பக்கம் இல்லை. "நம்ம ஊர்ல வச்சுப் பாரு. டிஷ்யூவும் போயிடும், மேசையும் போயிடும்!"

முழுக்கப் பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது. இரவில் தனியே நடக்கப் பயமில்லை என்று சொல்வோரைக் கணக்கெடுக்கும் கேலப் ஆய்வில் சிங்கப்பூர் பலமுறை முதலிடம் பெற்றிருக்கிறது. இங்கே மலேசியாவிலோ 2000களில் வழிப்பறிக்குப் பயந்து பெண்கள் கைப்பையைத் தோள் மாற்றி மாட்டினார்கள். 2004இல் அரசாங்கம் 'பண்டார் செலாமாட்' என்ற பாதுகாப்பான நகரத் திட்டத்தைத் தொடங்கி, நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே தடுப்புக் கம்பிகளைப் போட்டது. அங்கிளின் இடுப்புப் பையும் அந்தக் காலத்துச் சரக்குதான்.

2010இல் குற்றக் குறைப்பு தேசிய இலக்காகி, எண்ணிக்கை இறங்குவதாக அறிவிப்புகள் வந்தன. அங்கிள் அசரவில்லை. "புகார் கொடுத்தாத்தானே தம்பி கணக்குல ஏறும்?" உருப்படியான கேள்வி. ஆனால் அதே கேள்வியைச் சிங்கப்பூர்க் கணக்கைப் பார்த்து அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருநாள் கல்லூரிப் பையன் ஒருவன் கைப்பேசியோடு வந்து மடக்கினான். 2023இல் மலேசியாவின் குறியீட்டுக் குற்றங்கள் 52,444. மக்கள்தொகை 3 கோடியே 30 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு சிங்கப்பூரில், மோசடிகளைச் சேர்க்காமலே, 19,966 குற்றங்கள். மக்கள்தொகை 60 லட்சத்துக்கும் கீழ். "தலைக்கு வகுத்தா அங்கதான் அதிகம், அங்கிள்!" அங்கிள் ஒரு மிடறு நேரம் வாய் திறக்கவில்லை. உண்மையில் பையனும் வழுக்கித்தான் விழுந்தான். அங்கே மானபங்கமும் ஒளிந்து படமெடுப்பதும் பட்டியலில் உண்டு. நமது குறியீடோ கொலை, பாலியல் வல்லுறவு, கொள்ளை, காயம் விளைவித்தல், திருட்டு வகைகளோடு நின்றுவிடுகிறது. இரண்டு கடைக்காரர்களின் பேரேட்டை ஒன்றாகக் கூட்டிய கதை.

நீண்ட விடுமுறை வந்தால் அங்கிள் குடும்பத்தோடு வேனில் தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் போவார். 2012 மார்ச் 31 அன்று அங்கே லீ கார்டன்ஸ் பிளாசா விடுதியில் குண்டு வெடித்தது. தாய்லாந்தில் பொதுமக்கள் கையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இருப்பதாக 2017ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று சொல்கிறது. இந்த அண்டை நாட்டோடு மட்டும் அவர் ஒப்பிடுவதே இல்லை. தோம் யாம் அங்கே நன்றாக இருக்குமாம்.

இப்போது மகள் அடிக்கடி அழைக்கிறாள்: "அப்பா, தெரியாத நம்பர் வந்தா எடுக்காதீங்க." மலேசியாவின் லட்சணத்தைத்தான் சொல்கிறாள் என்று அவர் பெருமூச்சு விடுகிறார். அவள் சொல்வது தன் ஊர் நிலவரத்தை. குற்றம் குறைவென்றால் குற்றமே இல்லை என்று அர்த்தமில்லை என அந்நாட்டுப் போலீசே ஆண்டாண்டாய் எச்சரித்துவருகிறது. 2023இல் சிங்கப்பூரில் பதிவான மோசடிகள் 46,563. பறிபோனது 65 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கும் மேல்.