கேளுங்கள், சொல்கிறேன்

புதுச்சேரி பிரெஞ்சு டவுனில் உங்களுக்குப் பிடித்த தெரு எது? (லாஸ்பேட்டை வாசகர்)

மத்தியானம் ஒரு மணிக்கு மர நிழல் விழுகிற எந்தத் தெருவும்.

பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கைத்துப்பாக்கி கிடைத்தது. நங்கூர முத்திரை இருக்கிறது. 'ஆதியில் இது சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி, பிறகு கேப்பு வைத்துச் சுடும்படி மாற்றியிருக்கிறார்கள். பழையபடி ஆக்கினால் விலை கூடும்' என்கிறார் ஒரு பழம்பொருள் வியாபாரி. மாற்றலாமா? (குருசுக்குப்பம் வாசகி)

மாற்றாதீர்கள் அம்மா! பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே படியுங்கள்.

நங்கூரம் இருந்தால் பிரெஞ்சுக் கடற்படைச் சரக்காக இருக்கலாம். தகட்டில் 'துல்' என்ற ஊர்ப் பெயர் தேய்ந்து தெரிகிறதா பாருங்கள். அவர்கள் கடற்படைக்கு ஆயுதம் செய்து கொடுத்த ஊர் அது. இனி நம் கடலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த சலங்குப் படகில் ஏறி, அலை தாண்டித்தான் கரை சேர வேண்டும். வந்து இறங்குவதற்குள் ஆள் தொப்பலாகிவிடுவான். சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கோ, வெளியே ஒரு குட்டிக் கிண்ணம், அதில் ஒரு சிட்டிகை மருந்து. கல் இரும்பில் உரசி, பொறி கிண்ணத்தில் விழுந்து, தீ ஓட்டை வழியே உள்ளே ஓட வேண்டும். ஒரு கை உப்புத் தண்ணீர் தெளித்தால் அத்தனையும் களி!

இதற்கு வழி கண்டவர் வாத்து வேட்டைப் பிரியரான ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். அவருடைய தலைவலி வேறு: கிண்ணத்தில் தீ பளிச்சென்று தெரிந்ததுமே, குண்டு வருவதற்குள் வாத்து பறந்துவிடுமாம். (நம் ஊசுட்டேரி வாத்து செருப்புச் சத்தத்துக்கே கிளம்பிவிடும்.) அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தை வைத்துப் பற்றவைக்கும் முறைக்கு 1807-ல் காப்புரிமை வாங்கினார். அதன் வழியில் பிறந்ததுதான் செப்புத் தொப்பி, தீபாவளிக் கேப்பின் கொள்ளுத்தாத்தா.

1840-களில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பழைய துப்பாக்கிகளை வீசாமல் மாற்றிக்கொண்டார்கள். கிண்ணத்தைக் கழற்றி, கல் கவ்வும் குதிரைக்குப் பதில் சுத்தியல் தலைக் குதிரை போட்டு, தீ போகும் இடத்தில் தொப்பி மாட்ட ஒரு முளை வைத்தார்கள். மிஞ்சிய திருகு ஓட்டைகளை இரும்பால் அடைத்து அரத்தால் ராவினார்கள். ஜன்னல் ஓரம் சாய்த்துப் பிடித்தால் தகட்டில் வட்ட வட்டமாகத் தழும்பு தெரியும். அதுதான் அந்தத் துப்பாக்கியின் ஜாதகம்! வியாபாரி அதைத் தோண்டி எடுத்துப் புதுக் கிண்ணம் பொருத்தப் பார்க்கிறார். வழுக்கைத் தாத்தாவுக்கு டோப்பா வைத்து மாப்பிள்ளை என்று காட்டுகிற வேலை.

துப்பாக்கியில் குதிரை எங்கே வந்தது? (முதலியார்பேட்டை வாசகர்)

கல்லைக் கவ்விக்கொண்டு தலை சாய்த்து நிற்கும் அந்த உறுப்பைப் பிரெஞ்சுக்காரன் நாய் என்கிறான், ஆங்கிலேயன் சேவல் என்கிறான். நாய் கடிக்கும், சேவல் கொத்தும். விட்டால் பாய்கிறது குதிரைதான். என் ஓட்டு தமிழுக்கு.

பழைய துப்பாக்கியின் பித்தளைப் பூணுக்குப் பாலிஷ் போடலாமா? (நெல்லித்தோப்பு வாசகர்)

குத்துவிளக்குக்குப் போடுங்கள். இதை எத்தனை தடவை எழுதுவது!

எங்கள் வீட்டுப் பழைய துப்பாக்கியைப் பாரீசில் இருக்கும் அண்ணன் கேட்கிறார், கொடுத்தனுப்பலாமா? (அரியாங்குப்பம் வாசகி)

கூடாது. நூறு வயது தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. அண்ணனை இங்கே வரச் சொல்லுங்கள்.

ஓடாத பழைய துப்பாக்கிதானே என்று என் எட்டு வயது மகன் எடுத்து விளையாடுகிறான். தப்பா? (வில்லியனூர் வாசகர்)

இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே வாங்கி உயரத்தில் வையுங்கள். தாத்தா காலத்தில் கெட்டித்த மருந்து ஈரம் படாமல் இருந்தால் இன்றைக்கும் வெடிக்கும். விவரம் தெரிந்தவர்கள் குழலுக்குள் மூங்கில் குச்சியை விட்டு, எத்தனை ஆழம் போகிறது என்று வெளியே வைத்து அளந்து பார்ப்பார்கள். தீ போகும் ஓட்டை வரைக்கும் குச்சி போகவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. நீங்கள் அதையும் செய்ய வேண்டாம், குதிரையைத் தொடவே வேண்டாம். காவல் நிலையத்துக்குச் சொல்லி ஆளை வரவழையுங்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு தருகிறது. உங்களுடையது அந்த வகையா என்று சோதித்துச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அதுவரை பையனுக்கு நாலு ரோல் கேப்பு வாங்கிக் கொடுங்கள்.