ஜனாதிபதி வேலைக்கும் இதே படிப்புதான் மாப்ளே

வாரும் மாப்ளே, உக்காரும். மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? மக பிளஸ் டூவுல தேறலையா? ஓ, தேறிட்டாளா? நல்ல மார்க்கா? அதுதான் கவலையாக்கும்.

பி.ஏ. எகனாமிக்ஸ்தான் படிப்பேன்னு நிக்கிறா. நர்சிங் சொன்னீரு, மாட்டேன்னுட்டா. பி.காம். சொன்னீரு, அதுக்கும் மாட்டேன்னுட்டா. எகனாமிக்ஸ் படிச்சா என்ன வேலை கெடைக்கும்னு என்கிட்ட வந்து கேக்கீரு. நான் விருதுநகர் பேட்டையில வத்தலுக்கும் உளுந்துக்கும் தரகு பாத்தவன். வத்தலை அள்ளிக் காதுகிட்ட வச்சு உலுக்குனா, உள்ள விதை கலகலங்கிறத வச்சே காய்ச்சல் எப்படின்னு சொல்லிருவேன். டிகிரிய அப்படி உலுக்கிப் பாக்க முடியாது. இருந்தாலும் கேட்டுட்டீரு.

மொதல்ல உமக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லிர்றேன். பி.ஏ. எகனாமிக்ஸ் முடிச்ச அன்னைக்கு வாசல்ல எவனும் வேலைய வச்சுக்கிட்டு நிக்க மாட்டான். சந்தோசமா? ஆனா பி.காம். வாசல்ல மட்டும் யாரு நிக்கா? டேலி படிச்ச பிள்ளைகளுக்குச் சிவகாசி ஆபீஸ்ல என்ன சம்பளம்னு உமக்குத் தெரியாதா? நீருதான குடுக்கீரு!

உடனே, காமராசரு என்ன படிச்சாருன்னு ஆரம்பிப்பீரு. நம்ம ஊர்ல படிக்க மனசில்லாதவனுக்கெல்லாம் அவரு ஒரு சாக்கு. க்ஷத்திரிய வித்யாசாலாவுல ஆறாப்போட நின்னவருதான், 1954-ல முதலமைச்சர் ஆனவருதான், இல்லைங்கல. ஆனா தொழில் இலாகாவ யாரு கையில குடுத்தாரு? ஆர். வெங்கட்ராமன் கையில. அவரு மெட்ராஸ் யுனிவர்சிட்டி எம்.ஏ. என்ன பாடம்? எகனாமிக்ஸ். பின்னால வக்கீலுக்கும் படிச்சாரு. 1987-ல ஜனாதிபதி. ஆக, எகனாமிக்ஸுக்கு என்ன வேலைன்னு கேட்டா, அந்த வேலையும் இருக்கு. போஸ்ட்டு ஒண்ணே ஒண்ணு, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா காலியாகும். அப்ளிகேசன் போட வயசும் முப்பத்தஞ்சு ஆகணும். பொறுத்திருப்பீரா?

எகனாமிக்ஸ் படிச்ச இன்னொருத்தரு இந்தா இருக்கிற டி.கல்லுப்பட்டியில இருந்தாரு, ஜே.சி. குமரப்பா. பம்பாயில நல்லா ஓடுன ஆடிட்டரு. அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டிக்குப் போயி, இந்தியா ஏன் ஏழையாக் கெடக்குன்னு வெள்ளைக்காரன் வரியையும் செலவையும் வச்சு ஆராய்ச்சி பண்ணாரு. திரும்பி வந்து 1929-ல காந்தியப் பாத்தாரு, கோட்டு சூட்டக் கழட்டுனாரு, கடைசிக் காலத்துல கல்லுப்பட்டி காந்தி நிகேதன்ல வந்து உக்காந்தாரு. இத உம்ம மக காதுல போடாதீரும். உம்ம வீட்டுக்காரி காதுல போடவே போடாதீரும்.

தாயி, கதவுக்குப் பின்னால நின்னது போதும், உள்ள வா. ஒரு கேள்வி கேக்கேன். 2007-லருந்து 2021 வரைக்கும் பதினாலு வருசம் தீப்பெட்டி ஒரு ரூவா. 600 பெட்டி பண்டலு தீப்பெட்டி ஆபீஸ்லருந்து 270, 300-னு போச்சு. பெட்டிக்கு அம்பது காசுக்கு மேல நிக்கல. சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425-லருந்து 810-க்கு ஏறுது, மெழுகு ஏறுது, அட்டை ஏறுது. ஒண்ணேகால் ரூவான்னு வித்திருக்கலாம்ல, ஏன் விக்கல?

"கால் ரூவா காசு எங்க தாத்தா இருக்கு? அது 2011-லயே செல்லாமப் போச்சே."

சரி. 2021 டிசம்பர் 1-ஆம் தேதி ஒரே தாவா ரெண்டு ரூவா ஆக்குனாங்க. நூத்துக்கு நூறு ஏத்தம். வெங்காயம் அப்படி ஏறுனா ஊரு சும்மா இருக்குமா? தீப்பெட்டிக்கு மட்டும் ஏன் ஒருத்தனும் கொடி பிடிக்கல?

"வீட்டுச் செலவுல அது தூசி தாத்தா. ஒரு ரூவா கூடுச்சுன்னு யாரும் அடுப்புப் பத்த வைக்காம இருக்க மாட்டாங்க. தேவை நெகிழ்ச்சி கம்மி. ஆனா பதிலீட்டுப் பொருள் சல்லிசா வந்துட்டா அந்தக் கணக்கு மாறிரும். பத்து ரூவா லைட்டரு."

கேட்டீரா மாப்ளே? ஒரு லைட்டரு இருபது தீப்பெட்டியத் தின்னுருதுன்னு கோவில்பட்டி, சாத்தூரு, சிவகாசிக்காரங்க டெல்லிக்கு மனு மேல மனு போட்டு, இருபது ரூவாய்க்குக் கீழ விலையுள்ள லைட்டர இறக்குமதி செய்யக் கூடாதுன்னு 2023 ஜூன்ல உத்தரவு வாங்குனாங்க. ஊரே பதறுன விசயத்த உம்ம மக ரெண்டு வரியில சொல்லிட்டா. நீரும் இத்தனை வருசமா யாவாரம் பாக்கீரு. உம்மகிட்ட கேட்டிருந்தா "கலிகாலம்"னு சொல்லிட்டு வெத்தலையக் கிள்ளிருப்பீரு.

2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு பட்டாசுல பேரியமும் கூடாது, சரவெடியும் கூடாதுன்னு சொன்னப்ப என்ன செஞ்சோம்? கத்துனோம். எத்தன வீட்டுக் கூலி போகும்னு ஒரு கணக்கு இருக்கு. பொகை கொறஞ்சா எத்தன பேரு ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம்னு எதிர்க் கணக்கும் இருக்கு. ரெண்டையும் ஒரே தாள்ல எழுதிக் காட்ட ஆளு வேணும். நாம நமக்குத் தோதானத மட்டும்தான் உரக்கச் சொல்லுவோம். ரெண்டையும் எழுதிக் காட்டுற ஆளுக்குப் பேருதான் எகனாமிஸ்ட்டு. சம்பளம் நாம குடுக்க மாட்டோம், அது வேற விசயம்.

இப்ப உம்ம விசயத்துக்கு வாரேன். பி.ஏ.ங்கிறது நம்ம சிவகாசி காலண்டர் அட்டை. முருகன் படம் பளபளன்னு இருக்கும். தேதித் தாள்கட்டையும் சேத்து அடிச்சாத்தான் அது காலண்டரு. அரசு வேலையில குரூப் 4-க்குப் பத்தாப்பே போதும், அதுக்கு மூணு வருசம் பீஸ் கட்ட வேண்டியதில்ல. குரூப் 2, பேங்க் பரீட்சைக்கு எந்த டிகிரினாலும் சரி. எகனாமிக்ஸ்தான் வேணும்னு கேக்கிற வேலை பெரும்பாலும் எம்.ஏ.வுக்கு மேலதான் தொடங்குது. யூ.பி.எஸ்.சி. நடத்துற இந்தியன் எகனாமிக் சர்வீஸு, ரிசர்வ் பேங்க் ஆராய்ச்சிப் பிரிவு எல்லாம் அந்த ரகம். மேல்நிலைப் பள்ளியில பொருளியல் எடுக்கணும்னா எம்.ஏ.வோட பி.எட்.டும் வேணும். எகனாமிக் சர்வீஸுக்கு நாடு முழுக்க எடுக்கிறதே இப்பல்லாம் வருசத்துக்கு முப்பதுக்குள்ளதான். 2021-ல முதலமைச்சருக்குப் பொருளாதார ஆலோசனைக் குழு போட்டாங்களே, அதுல அஞ்சே பேரு. ரகுராம் ராஜன் அதுல ஒருத்தரு. அவரு இன்ஜினியரிங் படிச்சிட்டுச் சுத்தி வந்து சேந்தவரு. உம்ம மக நேராப் போறேங்கறா, அவ்வளவுதான் வித்தியாசம்.

செலவுக்குப் பயப்படாதீரும். விருதுநகர்ல 1947-லருந்து காலேஜு இருக்கு, சிவகாசியில 1963-லருந்து இருக்கு. எய்டடுல எடம் கெடைச்சா, நீரு ஒரு கல்யாணத்துக்கு வாங்குற வாணவேடிக்கைக் காசுல மூணு வருசப் பீஸு அடங்கிரும்.

ஆனா தாயி, உனக்கு ஒரு கண்டிசன். கணக்கையும் புள்ளியியலையும் விட்டா, இந்தப் படிப்பு வெறும் கதாகாலட்சேபம். நல்ல எம்.ஏ.வுக்கு நுழைவுத் தேர்வு எழுதினா மொத கேள்வியே அதுலருந்து வரும். என்ன முழிக்க? எகனாமிக்ஸ்ல கணக்கு இருக்காதுன்னு கூட்டாளி எவளாவது சொன்னாளா? கம்ப்யூட்டர்ல எக்செல் பழகு, தயங்காம இங்கிலீசு எழுதப் பழகு. லீவுல உங்க அப்பன் பட்டாசுக் கடை பில் புஸ்தகத்தைப் பாரு. ஆடியில என்ன விலை, ஐப்பசியில என்ன விலை, தீபாவளிக்கு மறுநாள் என்ன விலைன்னு ஒரு படம் வரைஞ்சு வை. உங்க வாத்தியாருக்கே கெடைக்காத சரக்கு அது. உங்க அப்பன் காட்ட மாட்டான், பூட்டி வச்சிருப்பான். சாவி காலண்டருக்குப் பின்னால இருக்கும்.

கையெழுத்துப் போடும் மாப்ளே. பேனா இல்லையா? இந்தாரும்.

அப்புறம், தீபாவளி முடிஞ்சு சரக்குப் பணம் வந்ததும் தாரேன்னு என்கிட்ட வாங்குனீரே, தைப்பொங்கலும் போச்சு, மாரியம்மன் பங்குனிப் பொங்கலும் போச்சு. வட்டி எவ்வளவுன்னு நான் கேக்க மாட்டேன், மாப்ளைய அப்படிக் கேக்கிறது மரியாதை இல்ல. தாயி, நீ போடு. தனி வட்டி இல்ல, கூட்டு வட்டி.

"விலைவாசி ஏறுனதக் கழிச்சிட்டுப் போடட்டுமா தாத்தா?"

அதெல்லாம் காலேஜுல போயிக் கழி. இங்க அசலோட சேத்துப் போடு.