காலால் இடும் கட்டளை

கேள்வி: மிடி கன்ட்ரோலர் வாங்கினேன். எவ்வளவு மிதித்தாலும் சத்தமே வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– மெல்லிசைக் குழு கிட்டார்காரர், ரிஷிவந்தியம்

பாவம், கடைக்காரரை விடுங்கள். நாதஸ்வரக்காரர் தவில்காரருக்குக் கண் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணிலிருந்தா சத்தம் வருகிறது? மிடி அந்தக் கண்சாடைதான். 'பதினேழாம் பேட்ச்சுக்குப் போ', 'டிலேயை அணை', 'ரிவர்ப்பை ஏற்று' என்று எண்களாகச் சொல்லும். வாசிப்பது, பேட்ச் எனும் ஒலி அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் எஃபெக்ட்ஸ் பெட்டியான பிராசஸரின் பாடு. கன்ட்ரோலரின் மிடி அவுட்டிலிருந்து பிராசஸரின் மிடி இன்னுக்குக் கம்பி போட்டீர்களா? இரண்டிலும் சேனல் எண் ஒன்றா? மொத்தம் 16 சேனல். இவர் 1இல் பேச அவர் 2இல் காது வைத்திருந்தால், விடிய விடிய மிதித்தாலும் கால்தான் வலிக்கும்.

கேள்வி: என் பிராசஸரில் மிடி உண்டா, எப்படிப் பார்ப்பது?
– சங்கராபுரம் வாசகர்

சந்தையில் மாட்டுக்குப் பல், பிராசஸருக்குப் பின்பக்கம். ஐந்து ஓட்டையுள்ள வட்டத் துளை இருந்தால் உண்டு. லைன் 6 எச்.எக்ஸ். ஸ்டாம்ப்பில் இருக்கிறது, பாஸ் எம்.இ.-80இல் இல்லை. பாஸ் ஜி.டி.-1000 கோரில் அது இயர்போன் துளை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்தச் சின்னத் துளையில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. 2018இல் ஏ வகையே பொது விதியானது. ஆனாலும் பழைய பெட்டி விதியைப் படித்திருக்காது, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரில் நன்றாக வேலை செய்யும் யூ.எஸ்.பி. கன்ட்ரோலர், பிராசஸரின் யூ.எஸ்.பி.யில் செருகினால் ஊமையாகிவிடுகிறதே?
– கல்லூரி மாணவர், கள்ளக்குறிச்சி

இரண்டு விருந்தாளிகளைப் பந்தியில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டீர்கள். பரிமாற ஆளில்லை. யூ.எஸ்.பி.யில் ஒருவர் வீட்டுக்காரராக இருந்தே ஆகவேண்டும். அதுவரை அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்தது. இப்போது அதைச் செய்ய 'யூ.எஸ்.பி. மிடி ஹோஸ்ட்' என்ற சின்னப் பெட்டி வேண்டும். அல்லது வட்டத் துளைக் கம்பிக்கே திரும்புங்கள். என் ஓட்டு கம்பிக்கு.

கேள்வி: சரணம் தொடங்கும் இடத்தில் பேட்ச் மாற்றினால் ஒரு நொடி சத்தம் அறுந்துபோகிறது. பாடகர் முறைக்கிறார்.
– லீட் கிட்டார், தியாகதுருகம்

முறைக்கத்தான் செய்வார். மிடியில் உங்களுக்கு வேண்டிய கட்டளைகள் இரண்டு. புரோகிராம் சேஞ்ச், வீட்டையே மாற்றுவது. கண்ட்ரோல் சேஞ்ச், அதே வீட்டில் ஒரு விளக்கை மட்டும் போடுவது. பேட்ச் மாறும்போது பிராசஸர் பழைய சாமானை இறக்கிப் புதியதை ஏற்ற வேண்டும். அந்த மூச்சுதான் உங்களுக்குக் கேட்கும் இடைவெளி. பல்லவிக்கும் சரணத்துக்கும் வேண்டிய டிஸ்டார்ஷன், டிலே, கோரஸ் எல்லாவற்றையும் ஒரே பேட்ச்சில் அடுக்கி, வேண்டாததை அணைத்து வையுங்கள். பிறகு கண்ட்ரோல் சேஞ்சால் ஒன்றை எழுப்பி ஒன்றைத் தூங்க வையுங்கள். பாட்டு முடிந்து கைதட்டும்போது வீடு மாறலாம். கைதட்டாவிட்டால் இன்னும் வசதி, அவகாசம் நிறைய.

கேள்வி: 12ஆம் எண்ணை அனுப்பினால் 13ஆம் பேட்ச் வருகிறது. செய்வினையா?
– சின்னசேலம் வாசகர்

இல்லை, பூஜ்ஜியம். மிடி 0 முதல் 127 வரை எண்ணும். உங்கள் பிராசஸர் 1 முதல் 128 வரை எண்ணுகிறது. ஒன்றைக் குறைத்து அனுப்புங்கள். மந்திரவாதிக்கு வைத்த பணத்தில் நல்ல கம்பி வாங்கலாம்.

கேள்வி: ரிவர்ப் சரிபாதி வேண்டும் என்றால் என்ன எண்?
– ரிஷிவந்தியம் வாசகி

அர்த்தநாரீஸ்வரர் ஊர்க்காரருக்குச் சரிபாதியை நான் சொல்லித்தர வேண்டுமா! 64. ஆனால் ரிவர்ப்பை ஏற்றி இறக்கும் கால்மிதியை (எக்ஸ்பிரஷன் பெடலை) 0இலிருந்து 127 வரை ஓடவிடாதீர்கள். பிராசஸரில் கீழ் எல்லை, மேல் எல்லை வைக்க இடம் இருக்கும். 20, 80 என்று கட்டிவிட்டால், உற்சாகத்தில் முழுக்க மிதித்தாலும் பாட்டு கிணற்றுக்குள் விழாது.

கேள்வி: மிடியால் தாளம் பிந்துகிறது என்கிறார் எங்கள் டிரம்மர்.
– உளுந்தூர்பேட்டை வாசகர்

மிடி நொடிக்கு 31,250 பிட் ஓடும். ஒரு கண்ட்ரோல் சேஞ்ச் போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரிலிருந்து சத்தம் உங்கள் காதுக்கு வரவே ஒன்பது மில்லிநொடி ஆகும். டிரம்மரைக் கொஞ்சம் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

கேள்வி: இளையராஜா காலத்தில் இதெல்லாம் இருந்ததா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருக்கோவிலூர்

இருந்தது ஐயா. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் கம்பெனி கீபோர்டையும் ரோலண்ட் கீபோர்டையும் ஒரே கம்பியில் கோத்துக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகள் ஒரே மொழி பேசியது அன்றைக்கு அதிசயம். மூன்று வருஷத்தில், 1986இல், 'புன்னகை மன்னன்' கம்ப்யூட்டர் இசைக்குப் பேர்போன படமாக வந்துவிட்டது. அந்த மொழியை உருவாக்கியதில் ஆற்றிய பங்குக்காக சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித், ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013இல் கிராமி கிடைத்தது. முப்பது வருஷம் தாமதம். டிரம்மர் இதைத்தான் சொன்னாரோ என்னவோ.

கேள்வி: வெள்ளிமலையில் திருவிழாக் கச்சேரி. எத்தனை பொத்தான் உள்ளதாக வாங்கலாம்?
– கல்வராயன்மலை வாசகர்

பெரிங்கர் எஃப்.சி.பி.1010இல் பேட்ச்சுக்கு மட்டும் பத்துப் பொத்தான், கூடவே இரண்டு கால்மிதி. பார்க்க விமானம் மாதிரி இருக்கும். இருட்டு மேடையில் குனியாமல் சரியாக மிதிக்க முடிந்தது எத்தனையோ, அத்தனை போதும், எனக்கு நான்கு. இன்னொன்று: கோயில் மேடையில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். ஷூ போட்டுப் பழகிய காலுக்கு வெறுங்காலில் பொத்தான் தள்ளித் தெரியும். வீட்டிலேயே வெறுங்காலோடு ஒத்திகை பாருங்கள்.