பொறந்தது நீ, மொய் வைக்கிறது நாங்களா?

வா மாப்ள, உக்காரு. அந்தச் செல்லக் கொஞ்சம் கவுத்து வையி. அத்த மோரு கொண்டாருவா. நீ அனுப்புன சேதியப் பேத்தி படிச்சுக் காட்டுனா. உனக்கு அம்பது வயசு முடியுதாம். அதுக்காக எவரெஸ்டு அடிவாரத்து முகாம் வரைக்கும் நடக்கப் போறியாம். நாங்க ஆளுக்கு இம்புட்டுன்னு போட்டா, சேந்த காச நம்மூருப் பள்ளிக்கூடத்துக்குக் குடுப்பியாம். கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பொறவு ஒரு சந்தேகம் வந்துச்சு, அரிச்ச புல்லெல்லாம் படுத்துருச்சு. பொறந்தது நீ, நடக்கப் போறது நீ, மொய் மட்டும் நாங்களா?

கோவிச்சுக்காத. மொய்யப் பத்தி நம்ம புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து ஆளுக்கு எவனும் பாடம் எடுக்க வேணாம். ஆடி பொறந்தா மொய் விருந்துதான். நாலஞ்சு பேரு சேந்து ஒரே பத்திரிகையில பேரு போடுவான். கெடா வெட்டிக் கறிச்சோறு போட்டு, ஆளுக்கொரு நோட்ட விரிச்சு உக்காந்துருவான். திரும்பி வந்த பழைய நடை எவ்வளவு, புதுசா வச்ச புது நடை எவ்வளவுன்னு அதுல பிரிச்சு எழுதணும். அஞ்சு வருசம் கழிச்சு வாங்குனவன் திருப்பணும், கொஞ்சம் கூட்டியும் திருப்பணும். பத்திரம், ஜாமீனு எதுவும் இல்லாம அந்தக் காசுல ஆழ்துளைக் கெணறு எறக்குனவன் இருக்கான், புள்ளையப் படிக்க வச்சவன் இருக்கான். 2018ல கஜா புயலு தென்னையெல்லாம் சாச்சுப்புட்டுப் போனப்பவும், அப்புறம் கொரோனா வந்தப்பவும் வரவு தடுமாறுச்சுதான். அதுக்காக எவனும் நோட்டக் கிழிச்சுப் போடல.

உன் மொய்யில கறியும் இல்ல, நோட்டும் இல்ல. சரி, தருமம்னே வச்சுக்குவோம். அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பிரிக்கிற காசுல உன்னோட காத்மாண்டு டிக்கெட்டு உள்ளயா, வெளியவா?

தலையச் சொறியிறதப் பாத்தாலே தெரியுது.

அந்த முகாம் 5,364 மீட்டர் ஒசரத்துல இருக்காம். உனக்கு நம்ம வீட்டு மச்சுப்படி ஏறயிலயே இழுக்குது. போயிட்டு வா, வேணாங்கல. மலையப் பாக்க ஆசையா இருக்கு, போறேன்னு சொல்லிட்டுப் போ. ஒண்ணாப்புப் புள்ளைகள ஏன் முதுகுல தூக்கி வச்சுக்கிட்டு ஏறுற?

நடந்து காசு சேக்குறதே தப்புன்னு நான் சொல்ல வரல. 2020ல கொரோனா நேரத்துல இங்கிலாந்துல ஒரு கெழவரு நடந்தாரே, டாம் மூர்னு. ரெண்டாம் ஒலகப் போருல நம்ம நாட்டுக்கும் பர்மாவுக்கும் வந்து போன பட்டாளத்துக்காரரு. ஏப்ரல் 30 வந்தா அவருக்கு நூறு வயசு. அதுக்குள்ள வீட்டுத் தோட்டத்துலயே நூறு நடை நடந்துருவேன், அரசு ஆசுபத்திரி நிதிக்கு ஆயிரம் பவுண்டு சேந்தாப் போதும்னாரு. ஒரு நடை 25 மீட்டர். அதையும் கம்பிச் சட்டத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் நடந்தாரு. சேந்தது மூணு கோடியே இருவது லட்சம் பவுண்டுக்கு மேல. அப்பத்தக் கணக்குக்கு முந்நூறு கோடி ரூவா. அவருக்கு ஆன செலவு செருப்புத் தேஞ்சது மட்டும்தான்.

அந்தக் கதைக்கு வாலும் ஒண்ணு இருக்கு. ஆசுபத்திரிக் காசு ஒழுங்காப் போய்ச் சேந்துருச்சு. பொறவு அவரு குடும்பத்தாரு அவரு பேருலயே தனியா ஒரு அறக்கட்டளை தொடங்குனாங்க. அதுல மகளும் மருமகனும் சொந்த ஆதாயத்தக் கலந்துட்டாங்கன்னு 2024ல அந்த நாட்டு அறக்கட்டளை ஆணையமே அறிக்கை எழுதிப்புடுச்சு. நூறு வயசுக் கெழவரு மூச்சு வாங்கச் சம்பாதிச்ச பேரு அது. நடக்குறவன் காலு எப்படின்னு பாக்குறதுக்கு முந்தி, பை யாரு கையில இருக்குன்னு பாக்கணும் மாப்ள.

அதனால உன் கைக்கு ஒரு பைசா வர வேணாம். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'ன்னு 2022ல சர்க்காரு ஒரு ஏற்பாடு வச்சுச்சுல்ல, நேரா அதுல போடச் சொல்லு. எங்க குடுத்தாலும் ரசீது கேளு. நீ வரி கட்டுற ஆளு, நன்கொடைக்கு உள்ள வரிச் சலுகைய விடமாட்ட. ரொக்கமா 2,000 ரூவாய்க்கு மேல குடுத்தா அந்தச் சலுகை கெடையாது, ஞாபகம் வச்சுக்க. நீயும் ஒரு நோட்டுப் போடு, அதுல முதல் பேரு உன்னுதா இருக்கட்டும். மலைக்கு ஆகுற செலவு எவ்வளவோ, அதே அளவு தொகை. என்ன, மோரு பொரையேறிருச்சா? ரெண்டாவது பேரு என்னுது. ஆனா நான் ஓய்வூதியக்காரன், உன் அளவுக்கு எதிர்பாக்காத.

என்ன வாங்கிக் குடுக்கலாம்னு உன் சேக்காளிககிட்டக் கேக்காத, பெரிய டீச்சரக் கேளு. கழிப்பறை கட்டிக் குடுக்க வரிசையில ஆளு நிக்குது. அதக் கழுவுற பொம்பளைக்கு மாசச் சம்பளம் குடுக்கத்தான் ஆளக் காணோம். பினாயிலு டப்பாவுல கல்வெட்டு வைக்க முடியாதுல்ல!

அப்புறம் உன் வீரத்துக்கு வருவோம். நம்ம வழக்கத்துல அறுவதுக்குத் திருக்கடையூருல சஷ்டியப்த பூர்த்தி உண்டு, எழுவதுக்கு பீமரத சாந்தி உண்டு, எம்பதுக்கு சதாபிஷேகம் உண்டு. அம்பதுக்குன்னு ஒண்ணும் கெடையாது, சர்க்கரை மாத்திரையத் தவிர. உனக்கு ஒண்ணு நான் கண்டுபுடிச்சு வச்சிருக்கேன். சின்னப்புள்ளையில ஊசிக்கார அம்மா தெருவுல வந்தா நெல்லுக் குதிருக்குள்ள எறங்கி ஒளிஞ்ச பய நீ. கொரோனா ஊசிக்குக்கூட உம் பொஞ்சாதி கையப் புடிச்சுக்கிட்டு நின்னதா கேள்வி. அந்தக் கைய நீட்டி ரத்தம் குடுத்துக் காட்டு. எவரெஸ்ட விட அதுதான் உனக்கு ஒசரம்.

சட்டமும் உன் பக்கம்தான் இருக்கு. பதினெட்டுல இருந்து அறுவத்தஞ்சு வரைக்கும் குடுக்கலாம். ஆனா முதல் தடவ குடுக்குறவன் அறுவதத் தாண்டியிருந்தா வாங்க மாட்டாங்க. ஆம்பளைக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவ, பொம்பளைக்கு நாலு மாசத்துக்கு ஒரு தடவ. இப்பத் தொடங்கி, சர்க்கரையும் பிரஷரும் எடம் குடுத்தா, அறுவத்தஞ்சுக்குள்ள அறுவது தடவ வரைக்கும் குடுத்துப்புடலாம். இதுக்குக் காத்மாண்டு போக வேணாம், கூட நடக்க ஷெர்பாவும் வேணாம். படம் புடிச்சுப் போட்டாலும் ரொம்பப் பேரு பாக்க மாட்டான், அதுதான் உனக்குக் கஷ்டம்.

திங்கக்கெழம காலைல புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி ஆசுபத்திரிக்குப் போவோம், நானும் கூட வாரேன். வெறும் வயித்தோட வரக்கூடாதும்பாங்க, நாலு இட்லி தின்னுட்டுக் கெளம்பு.