மாருதி 800-இன் இறுதிக் காலமும் பிரிவுச் சடங்குகளும்: ஓர் ஆய்வு

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் நேரும் பிரிவுகளுள் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதையும் மகனை வெளிநாட்டுக்கு விமானம் ஏற்றுவதையும் பற்றிக் கதையும் திரைப்படமும் வேண்டிய மட்டும் பேசியிருக்க, பழுதுபார்த்துக் கட்டுப்படியாகாத முதல் காரைக் கைவிடும் நிகழ்வுக்கு அறிஞர்கள் உரிய கவனம் செலுத்தவில்லை. அக்குறையை மாருதி 800 என்னும் ஒரே இனத்தை முன்வைத்து இக்கட்டுரை ஓரளவு நீக்க முற்படுகிறது. 'முதல் கார்' என்பது இங்கு வெறுமனே முதலில் பதிவான வண்டியைக் குறிக்காது. கணவன், மனைவி, இரு பிள்ளைகள், ஒரு கட்டைப்பை ஆகிய ஐவரும் ஒரே ஸ்கூட்டரில் கல்யாணத்துக்குப் போய்வந்த காலத்தை முடித்துவைத்த வண்டியையே குறிக்கும். அது மூன்றாம் கை வண்டியாக வந்து சேர்ந்திருந்தாலும் இவ்விலக்கணத்துக்குப் பழுதில்லை.

1983 டிசம்பர் 14 அன்று அன்றைய பிரதமர் இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியை வழங்கித் தொடங்கிவைத்த இவ்வினம், 796 சி.சி. அளவுள்ள மூன்று சிலிண்டர் இன்ஜினுடன் 47,500 ரூபாய் விலையில் அறிமுகமாகி, 1986-இல் உருவம் மாறி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. புகை விதிகள் கடுமையானதால் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 2010 ஏப்ரலிலேயே விற்பனை நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே சென்னையில் கடைசியாக விற்ற 800-க்கே 2025-இல் 15 வயது நிரம்பிவிட்டது என்பதும், தனியார் காரின் முதற்பதிவு செல்லும் காலமும் அதே 15 ஆண்டுதான் என்பதும் இவ்வாய்வின் அவசரத்தை விளக்கப் போதும்.

இவ்வினம் எதனால் சாகிறது என்பதில் பரவலான தவறான கருத்து ஒன்று உண்டு. இன்ஜின் தேய்ந்து, ஆயில் குடித்து, நீலப் புகை விட்டு வண்டி முடிந்துபோகிறது என்று உடைமையாளர்கள் நம்புகின்றனர். உண்மையில் ஆம்னியிலும் ஏறத்தாழ இதே இன்ஜின் ஓடியதால் பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கட் முதலியவற்றுக்குப் பஞ்சமில்லை, புதியது கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். கைவிடுவது பாடிதான். லாரிக்கு இருப்பதுபோல் தனியே ஒரு சேசி இல்லாமல் தகரக் கூடே முழு எடையையும் தாங்கும்படி அமைந்த வண்டியாதலால், ரப்பர் பீடிங் வழியே கசிந்த மழைநீர் மிதியடிக்கு அடியில் ஊறித் தரையை அரித்துவிட்டால் அது அழகுக் குறைபாடாக நில்லாமல் எலும்பு முறிவாகவே ஆகிவிடுகிறது. மெக்கானிக் மிதியடியைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரின் முனையால் ஒரு குத்து குத்த, அது பிடிவரை இறங்கி, துளை வழியே ஷெட்டின் தரையில் கிடக்கும் பீடித்துண்டு தெரியும் கணமே நோயறிதலின் உச்சம். டிங்கரிங் என்னும் சிகிச்சை, அதாவது துருவேறிய பகுதியை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பது, அந்த வண்டி சந்தையில் போகும் விலையைக் கடந்துவிடுவதும் அப்போதுதான் தெரியவரும். உயிர் நிலையானது, உடலே அழியக்கூடியது என்று சைவ சித்தாந்தம் பல நூல்களில் நிறுவியதை ஷெட்டுகள் தனிவழியில் கண்டடைந்திருப்பது ஒப்பாய்வுக்கு உரியது.

ஆயினும் உடைமையாளர் அன்றே வண்டியைக் கைவிடுவதில்லை. 'கடைசிச் செலவு' என்று இக்கட்டுரை பெயரிடும் ஒரு கோட்பாடு இங்கே தொழிற்படுகிறது. செய்த செலவு வீணாகக் கூடாது என்பதற்காக அடுத்த செலவையும், அதுவும் வீணாகக் கூடாது என்பதற்காக அதற்கடுத்ததையும் செய்துகொண்டே போவதும், ஒவ்வொன்றையும் கடைசி என்றே மனைவியிடம் அறிவிப்பதும் இதன் இலக்கணம். கிளட்ச் மாற்றியாயிற்றே என்பதற்காக ரேடியேட்டரையும், ரேடியேட்டர் புதிது என்பதற்காக நான்கு டயர்களையும் மாற்றிய குடும்பங்கள் எந்தத் தெருவிலும் உண்டு. இதில் மெக்கானிக்கின் பங்கு பெரிது. "இந்த ஒரு வேலைய முடிச்சிட்டா அஞ்சு வருஷத்துக்குக் கை வைக்க வேணாம் சார்" என்று அவர் கூறும் அஞ்சு வருஷம் கால அளவன்று, வாழ்த்து. கையைக் கழிவுத்துணியில் துடைத்தபடி, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு, "பேசாம குடுத்துடுங்க சார்" என்று என்றைக்கு அவர் சொல்கிறாரோ அன்றுதான் உடைமையாளர் நம்புகிறார்; வருமானத்தை இழந்து சொல்லப்படும் கருத்தாதலால் அதற்கு மேல் முறையீடு கிடையாது.

காப்பீட்டுத் துறை இவ்விஷயத்தில் உதவாது. விபத்தில் சிக்கிய வண்டியின் பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கருதும் அத்துறை, முதுமையை விபத்தாக ஏற்பதில்லை. முதல் ஐந்தாண்டுக்கு மட்டும் தேய்மான அட்டவணை வகுத்துவிட்டு, அதற்குப் பிந்தைய மதிப்பை நிறுவனமும் உடைமையாளரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று அது ஒதுங்கிவிடுகிறது. பாசத்துக்கு அட்டவணை போட முடியாது என்பதை உணர்ந்திருக்கும் அளவில் அத்துறை பாராட்டுக்குரியது. அரசோ 600 ரூபாயாக இருந்த பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாயாக்கி, தயங்கி நிற்போரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டது.

விற்பனைக் கட்டத்தில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. குடும்ப ஆல்பத்தில் இவ்வண்டி எண்ணற்ற படங்களில் இடம்பெற்றிருப்பினும் எவராவது பானெட்டில் சாய்ந்துகொண்டோ கதவைப் பிடித்துக்கொண்டோ நிற்பர். வண்டியை மட்டும் தனியாக எடுக்கும் முதற்படம் விற்பனை விளம்பரத்துக்காகவே எடுக்கப்படுகிறது. பல்லாயிரங்களை ஷெட்டில் கணக்குப் பார்க்காமல் கொட்டியவர், ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள வண்டிக்குக் காயலான் கடைக்காரர் கிலோக் கணக்கில் விலை சொல்லும்போது ஐந்நூறு ரூபாய்க்கு அரைமணி நேரம் வாதாடுவது பேராசையால் அன்று. குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டால் வண்டியைத் தாமே இழிவுபடுத்தியதாகும் என்று அவர் அஞ்சுகிறார்.

இனி டேஷ்போர்டுப் பிள்ளையார். பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய அன்று ஒட்டப்பட்ட இச்சிறு உருவம் வண்டியோடு போவதா, வீட்டோடு தங்குவதா என்பதில் இரு மரபுகள் உள்ளன. வண்டியைக் காத்தவர் அதன் கடைசிப் பயணத்திலும் உடனிருக்க வேண்டும் என்பது ஒன்று. காயலான் கடைக்குப் பிள்ளையாரை அனுப்பும் குடும்பம் உருப்படாது என்பது மற்றொன்று. பாட்டிமார் உள்ள வீடுகளில் பின்னதே வெல்கிறது. நகத்தால் நெம்பி, கத்தியால் கீறி, இறுதியில் பேத்தியின் ஹேர் டிரையரால் சூடேற்றிப் பெயர்த்தெடுத்தால், வெயிலில் வெளிறிய டேஷ்போர்டின் நடுவே வாங்கிய நாளின் கறுப்பு நிறம் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக வெளிப்படும். புதுக் கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கும் காற்றுப்பை கட்டாயமாகிவிட்டமையால், அது புடைத்தெழும் மூடியின்மேல் எதையும் ஒட்டலாகாது. எனவே இடம்பெயர்ந்த பிள்ளையார் பெரும்பாலும் ஃபிரிட்ஜின் மேல், ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் குடியேறுகிறார்.

சடங்குகள் முடிந்தபின் எஞ்சுவது பதிவு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, அழிந்த அல்லது இனி ஓடவே இயலாத வண்டியைப் பற்றி உடைமையாளர் 14 நாளுக்குள்ளோ இயன்ற விரைவிலோ பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தை அனுப்பிவிட வேண்டும்; மனிதரின் இறப்பைப் பதிவதற்கே 21 நாள் தரப்படுவதை ஒப்புநோக்கினால் கார் வைத்திருந்தோர் விரைந்து துக்கம் ஆறவேண்டியவர் ஆகின்றனர். அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் அதற்குச் சான்றிதழ் உண்டு, காயலான் கடையில் கிடையாது. வண்டியைக் கொடுத்துவிட்டு ஆர்.சி. புத்தகத்தை மட்டும் நினைவாகப் பீரோவில் பூட்டிவைத்திருக்கும் வாசகர்கள், அந்த எண்ணில் வேறெவரேனும் அபராதம் வாங்கித்தருவதற்கு முன் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்துவிடுவது நல்லது. ஜெராக்ஸ் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடையேதும் இல்லை.